பதினோரு வீட்டுத் தேநீர்

பிஷோர்வ் கிராமத்தில் தண்ணீர் சுமந்த முதல் ஆண் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2009 ஜனவரி பதினொன்றாம் தேதி என் மனைவி மவ்லுதா ஊற்றுப் பாதையில் பனிக்கட்டி மேல் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எங்கள் ஊர் மலையின் இடுப்பில் ஒரு படிக்கட்டு போல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடிநீர் ஊற்றோ கீழே, பாறையின் காலடியில். கால்வாய் ஒன்று உண்டு. ஜூனில் திறந்து செப்டம்பரில் மூடிவிடுவார்கள். அதில் வருவது பனி உருகிய சேற்றுத் தண்ணீர். வயலுக்கு நல்லது, தேநீருக்கு ஆகாது. அதனால் வருடம் முழுக்கப் பெண்கள் இரண்டு வாளியோடு இறங்கி, இரண்டு வாளியோடு ஏறுவார்கள்.

மாவுக்கட்டோடு வீடு திரும்பிய மவ்லுதா அடுப்போரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கை இனிமே வாளி தூக்காது. குழாய் வர்ற வரைக்கும் நீங்க தூக்குங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மூணு வருஷமா 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்'னு குழாய்க்கு எழுதறீங்க. எழுதினவரே கொஞ்ச நாள் பணிவா தூக்கிப் பாருங்க. அடுத்த கடுதாசி நல்லா வரும்."

ஊர்ச் சங்கத்தின் செயலாளர் நான். எட்டு வருடமாகக் கடிதங்கள் எழுதுவது என் பொறுப்பு. ருஷோன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவன், கையெழுத்து நேராக இருக்கும் என்பதுதான் தகுதி. ஆகவே மறுநாள் காலை அந்தத் தகுதியோடு இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வழியில் கதம்ஷோ பிடித்துக்கொண்டான். அவன் வேலியும் என் வேலியும் ஒன்றுதான்.

"என்ன மருமகளே, மாமியார் காலங்காத்தாலயே விரட்டிட்டாளா?"

"போடா."

"முக்காடு போட்டுக்கோ அலிஃப். காத்து அடிக்குது, கல்யாணம் ஆகாத பசங்க பாத்துடப் போறாங்க."

மூன்று மாதம் இதே பாட்டு. போக வர ஐம்பத்திரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நடை. மார்ச் முடிவதற்குள் குழாயைப் பற்றி நான் எழுதிய நான்காவது கடிதம், மவ்லுதா சொன்னது போலவே, முந்தைய மூன்றையும் விட நன்றாக இருந்தது.

கடிதம் போனது கோரோக் நகரத்து அறக்கட்டளை அலுவலகத்துக்கு. எங்கள் சமயப் பிரிவின் தலைவரான இமாமின் பெயரால் நடக்கும் அறக்கட்டளை அது. தொண்ணூறுகளின் உள்நாட்டு யுத்த வருடங்களில் சாலைகள் மூடி, கடைகளில் உப்பு கூட இல்லாதபோது, அதன் லாரிகள்தான் எல்லைக்கு அப்பால் ஓஷ் நகரிலிருந்து மலை ஏறி மாவு கொண்டுவந்தன. என் மூத்த மகன் நடை பழகியது அந்த மாவில் சுட்ட ரொட்டியைக் கடித்துக்கொண்டுதான். பிறகு விதை உருளைக்கிழங்கு வந்தது, ஆற்றுக்குக் குறுக்கே தொங்கு பாலம் வந்தது. எதையும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. ஊர் கூடி, எது முதலில் வேண்டும் என்று கை தூக்க வேண்டும், உடலுழைப்பு ஊருடையது, குழாய், சிமெண்ட், பொறியாளர் அவர்களுடையது. ஆனால் வருடத்துக்கு ஐந்து ஊருக்குத்தான் குழாய். கேட்பது முப்பதுக்கு மேல். ஆகவே ஒரு பொறியாளர் ஊர் ஊராக வந்து பார்த்து ஒரு படிவம் நிரப்புவார். எங்கே கஷ்டம் அதிகமோ அங்கே முதலில்.

போன வருடம் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊர் ஒன்றுக்குக் கிடைத்தது. எங்களைப் போல் தொழுகிறவர்கள் அல்ல அவர்கள். ஷக்கர்மோவுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் பெண்கள் குழுவின் வாய் அவள்.

"நம்ம இமாமோட குழாய், அவங்க வீட்டுல ஓடுது. நாம இங்க ஆடு மாதிரி மலை ஏறறோம்."

சங்கத் தலைவர் நிசோர்மமத் தாடியைத் தடவிக்கொண்டார். "குழாய்க்கு ஏதும்மா மதம்? தாகம்தான் கணக்கு. நம்ம முறை வரும்."

முறை வந்தது. ஏப்ரல் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜமாஅத்கானாவில் தொழுகை முடிந்ததும் தலைவர் எழுந்து அறிவித்தார்: "வர்ற வியாழக்கிழமை, பதினாறாம் தேதி, கோரோக்லேர்ந்து பொறியாளர் வர்றாங்க. பேரு சவ்சன். நம்ம தண்ணி நிலைமையப் பாக்கறதுக்கு."

பெண்கள் மகிழ்ந்தார்கள். ஆண்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்குப் போனதும் நாற்பத்தொரு வீட்டிலும் ஒரே யோசனை தோன்றியது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் என் வாளிகளோடு இறங்கியபோது பாதையில் திருவிழாக் கூட்டம். பெண்கள், பிள்ளைகள், ஆண்கள்கூட. கதம்ஷோ கழுதையின் இரு பக்கமும் பால் கேன்களைக் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தான்.

"என்னடா இது, நீயுமா மருமகள்?"

"வாய மூடு அலிஃப். அறக்கட்டளைலேர்ந்து ஆள் வருது. அவங்க மாவுலதான் என் வீட்டுல மூணு புள்ளைங்க வளந்துச்சு. வந்தவங்களுக்குக் கை கழுவத் தண்ணி ஊத்தலன்னா நான் மனுசனா?"

நியாயமாகத்தான் பட்டது. செயலாளர் நான், படிவம், பார்வை, பட்டியல் எல்லாம் தெரிந்தவன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அன்று ஆறு நடை நடந்தேன். மவ்லுதா ஒற்றைக் கையால் அண்டாவைத் துலக்கி வைத்திருந்தாள்.

"இன்னும் ரெண்டு வாளி. தரையக் கழுவணும். அந்தப் பொண்ணு காலுறையோட உள்ள வரும், தூசி ஒட்டக்கூடாது."

வியாழன் காலை பத்தரைக்கு ஜீப் வந்து நின்றது. பொறியாளர் சவ்சனுக்கு வயது இருபத்தேழு இருக்கும். கழுத்தில் அளவு நாடா, கையில் அட்டையில் செருகிய படிவம், காலில் பெரிய பூட்ஸ். "யா அலி மதத்" என்று எங்கள் வழக்கப்படி வணக்கம் சொல்லி எல்லோர் கையையும் முத்தமிட்டு, தன் கையையும் எங்களை முத்தமிட வைத்தாள். புழுதி பறக்கக்கூடாது என்று ஷக்கர்மோ தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தாள். பூட்ஸில் சேறு ஒட்டியது. உடனே ஒரு செம்புத் தண்ணீர் வந்து பூட்ஸும் கழுவப்பட்டது.

பிறகு வீடுகள். எல்லா வீட்டு வாசலிலும் வெந்நீர் ஊற்றிக் கை கழுவ வைத்தார்கள். உள்ளே சமோவார் கொதித்தது. உப்பும் வெண்ணெயும் போட்ட பால் தேநீர், மல்பெரி, வாதுமை, சூடான ரொட்டி. அவள் ஒவ்வொரு வீட்டிலும் படிவத்தைத் திறந்து பாத்திரங்களை எண்ணினாள். அண்டா நிறைய, கேன் நிறைய, குளிக்கிற தொட்டி நிறைய. கதம்ஷோ வீட்டில் ஊறுகாய் ஜாடியில்கூடத் தண்ணீர் இருந்தது.

நான்காவது வீட்டில் அவளே கேட்டாள்: "தலைவரே, தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்க? அந்த இடத்தப் பாக்கணுமே."

"அது கீழ கெடக்குதும்மா. மோசமான பாதை. வந்த விருந்தாளிய அதுல நடக்க விட்டா ஊரே நம்மளக் காறித் துப்பும். தேநீர் ஆறுது பாருங்க."

எட்டாவது வீட்டில் மறுபடி கேட்டாள். அந்த வீட்டுக்காரர், "தலைவர் கூட்டிட்டுப் போவாரு" என்றார். தலைவர், "அலிஃப் காட்டியிருப்பானே" என்றார். நான் அடுத்த வீட்டில் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துவிட்டார்களா என்று பார்க்கப் போயிருந்தேன்.

பதினோராவது வீட்டில் அவள் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு, "அக்கா, சத்தியமா முடியல" என்று கெஞ்சினாள். மீதி முப்பது வீட்டார் மனத்தாங்கலோடு வாசலில் நின்றார்கள். ஒரு பை உலர்ந்த மல்பெரியை ஜீப்பில் திணித்து அனுப்பினோம். வண்டி மறைந்ததும் தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"நல்லா கவனிச்சோம்."

எல்லோரும் தலையாட்டினோம். நன்றாகத்தான் கவனித்திருந்தோம்.

மே நான்காம் தேதியிட்ட கடிதம் ஏழாம் தேதி வந்தது. ஜமாஅத்கானா முற்றத்தில் ஊரைக் கூட்டி நான் உரக்கப் படித்தேன். "மதிப்புக்குரிய பிஷோர்வ் ஊர்ச் சங்கத்தாருக்கு. தங்கள் ஊரின் அன்பான வரவேற்புக்கு நன்றி. பார்வையிட்ட பதினோரு வீடுகளிலும் சேமித்து வைத்த நீரின் அளவு, இம்மாவட்டத்தில் நாங்கள் இதுவரை கண்டதிலேயே அதிகம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். ஆகவே தங்கள் விண்ணப்பம் 2011ஆம் ஆண்டுக்கான பட்டியலில்..."

ஷக்கர்மோதான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாவட்டத்துலயே அதிகமாம்! அடியே, நாமதான் பணக்காரங்க!"

பிறகு சண்டை. தெருவில் தண்ணீர் தெளித்தவள் யார், கழுதையில் கேன் ஏற்றியவன் யார், ஊறுகாய் ஜாடியை நிரப்பிய புத்திசாலி யார் என்று ஒருவரையொருவர் கை நீட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். "நீ காட்டலையா அந்த எடத்த?" "நீங்க காட்டலையா?" கடைசியில் ஒரு விஷயம் தெளிவானது. தண்ணீர் இல்லாத ஊர் என்று காட்ட வேண்டிய ஒரே நாளில், ஊரில் தண்ணீர் இல்லாத ஒரு பாத்திரம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மவ்லுதா என் தோளை அமுக்கிப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு வருஷம். பரவாயில்ல, தோள் நல்லாத்தான் உருண்டு வருது."

விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் கட்டுப் பிரித்த கை இன்னும் நேராகவில்லை. அடுத்த குளிர்காலத்தில் பாதை உறைந்தால் இன்னொரு பெண் விழுவாள். ஷக்கர்மோவின் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம், அவளும் அதே பாதையில்தான் இறங்குகிறாள். இதெல்லாம் எங்கள் இருவருக்குமே தெரியும்.

அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் "சில தவறான புரிதல்கள்" என்று எழுதி அடித்தேன். இரண்டாவதில் "தங்கள் பொறியாளர் சரியாகக் கவனிக்காததால்" என்று தொடங்கி, வெட்கப்பட்டுக் கிழித்தேன். அந்தப் பெண் இரண்டு முறை கேட்டாளே. மூன்றாவது வரைவு இப்படிப் போயிற்று:

"பொறியாளர் கண்டது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் அவர் வருகிறார் என்பதற்காக முந்தின நாள் சுமக்கப்பட்டது. என் வீட்டுக்கு மட்டும் ஆறு நடை. அவர் போன மறுநாள் மதியம் அண்டா காலி. ஊற்றைப் பார்க்க அவர் கேட்டார், நாங்கள்தான் விடவில்லை. தவறு எங்களுடையது. இன்னொரு முறை வந்து பார்க்க வேண்டும். இம்முறை எதுவும் தரமாட்டோம் என்று உறுதி கூறுகிறோம்."

கடைசி வரியைப் படித்துவிட்டுத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தார். "இத எழுதினது என் ஊரா? செத்துப் போன என் அப்பன் எந்திரிச்சு வந்து என்னைய அடிப்பான்." மவ்லுதா பேனாவை அவர் கையில் வைத்து மடக்கினாள். கையெழுத்துப் போட்டார்.

பதில் வந்தது. மே இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, மேலூர் ஒன்றுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு மணி நேரம். பட்டியல் ஜூன் ஒன்றாம் தேதி முடிவாகிறது.

ஊர் கூடியது. தீர்மானத்தை நான் எழுதி வாசித்தேன். யாரும் தெரு தெளிக்கக்கூடாது. அண்டா எப்படி இருக்கிறதோ அப்படியே. சமோவார் கொதிக்கக்கூடாது. தேநீர் இல்லை, ரொட்டி இல்லை, மல்பெரி கிடையவே கிடையாது. நேராக ஊற்றுக்குக் கூட்டிப் போக வேண்டும். நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தோம். சாவு வீட்டிலிருந்து போவது போல இருந்தது.

அந்த நாளும் வந்தது. ஜீப் நின்றது. சவ்சன் அதே பூட்ஸோடு இறங்கி, "யா அலி மதத்" என்று கை நீட்டினாள். தலைவர் கையைக் கொடுத்தார், முத்தமும் கொடுத்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக அவர் வாய் திறந்தால் முதல் வார்த்தை "உள்ள வாங்க"தான். அதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

தெருவில் கதவுகள் பாதி மூடியிருந்தன. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு கண். சவ்சன் முதல் வீட்டு வாசலில் நின்றாள். ஷக்கர்மோ வெளியே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அண்டா காலி. பாத்துக்கங்க" என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. இரண்டாவது வீட்டில் கதம்ஷோ முதுகைக் காட்டி நின்று விறகு பிளந்தான். அந்த விறகு ஏற்கனவே பிளந்தது.

சவ்சன் நடையைக் குறைத்தாள். முகம் வாடியிருந்தது.

"அண்ணே, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா? அந்தக் கடுதாசி ஆபீஸ்ல எழுதினது. நான் பாத்திரத்தத்தான் எண்ணிக் கொடுத்தேன். உங்க மனசு இப்படி நோகும்னு..."

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் தன் கோட்டைப் பார்த்தார். கோட்டின் இடது பக்கம் மெல்ல நனைந்து, ஆவி வந்துகொண்டிருந்தது.

"தலைவரே," என்றேன், "கோட்டுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சொட்டுது."

"வேர்வை."

ஆவி பறக்கும் வேர்வை உப்பும் வெண்ணெயுமாக மணத்தது. அவர் கோட்டைத் திறந்தார். உள்ளே கம்பளிக் காலுறையில் சுற்றிய தேநீர்க் குடுவை. "மேலூர்லேர்ந்து அந்த வழியா வருது பொண்ணு," என்று முணுமுணுத்தார், "தொண்ட காஞ்சிருக்கும்னு..."

அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து ஒரு பெண் சால்வைக்கடியில் எதையோ மறைத்தபடி வந்தாள். இன்னொருத்தி இன்னொன்று. கதம்ஷோ கோடரியை விட்டுவிட்டு விறகுக் குவியலுக்குள் கை விட்டான். அங்கே துணியில் கட்டிய ரொட்டி. நாற்பத்தொரு கை தூக்கிய தீர்மானத்துக்கு ஆயுள் கால் மணி நேரம்கூட இல்லை.

"நில்லுங்க எல்லாரும்!" என்றாள் மவ்லுதா.

அவள் எங்கள் வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு முழு ரொட்டி.

"திரும்பவும் அதே கூத்தா? இந்தப் பொண்ண விருந்தாளியா வெச்சிருக்கற வரைக்கும் நம்மளால உண்மையக் காட்டவே முடியாது. நம்ம ஒடம்புலயே அது கெடையாது." சவ்சனிடம் திரும்பினாள். "இங்க வாம்மா. இந்தா, இத நீ பிய்."

எங்கள் பக்கம் விருந்தாளி ரொட்டியைப் பிய்ப்பதில்லை. வீட்டு ஆள் பிய்த்து அவர் முன் வைக்க வேண்டும். ரொட்டியை முழுதாகக் கையில் கொடுத்து "பிய்" என்றால், நீ இந்த வீட்டுப் பெண் என்று அர்த்தம். மருமகள் வந்த அன்று மாமியார் செய்வது அது. சவ்சனும் இதே மலைக்காரிதான். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரொட்டியை இரு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். நான்காகப் பிய்த்தாள். தலைவருக்கு ஒன்று, மவ்லுதாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்து, கடைசித் துண்டை நின்றபடியே கடித்தாள்.

"சரியா?" என்றாள் வாய் நிறைய.

"சரி," என்றாள் மவ்லுதா. "இப்ப நீ வீட்டுப் பொண்ணு. வீட்டுல தண்ணி இல்ல. இந்தா வாளி, போய் எடுத்துட்டு வா."

ஊரே வெடித்துச் சிரித்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு. சவ்சன் அட்டையையும் படிவத்தையும் என் கையில் திணித்துவிட்டு இரண்டு வாளிகளையும் வாங்கிக்கொண்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்: பதினொன்று பத்து.

இறங்கும்போது பெண்கள் முன்னும் பின்னும். நான் என் வாளிகளோடு கடைசியில். ஷக்கர்மோ இறங்கும்போதே பாடம் நடத்தினாள்: "அந்தக் கல்ல மிதிக்காத, ஆடும். இங்கதான் மவ்லுதா விழுந்தா. இங்க நான் விழுந்தேன், அது வேற வருஷம். அந்த வளைவுல கதம்ஷோவோட கழுதை விழுந்துச்சு, அதுக்குக்கூட அவன் அழுதான்." ஊற்றில் தண்ணீர் ஒரு கட்டை விரல் கனத்துக்கு விழுகிறது. ஒரு வாளி நிரம்ப இரண்டு நிமிடம். முன்னால் ஏழு பேர் வரிசை. சவ்சன் வரிசையில் நின்றாள். யாரும் அவளுக்கு இடம் விடவில்லை. வீட்டுப் பெண்ணுக்கு யார் இடம் விடுவார்கள்?

ஏறும்போதுதான் வேடிக்கை. பத்தாவது அடியிலேயே தண்ணீர் தளும்பியது. பாதி வழியில் அவள் முகம் சிவந்து, மூச்சு விசிலடித்தது.

"பொறியாளர் படிப்புல வாளி தூக்கறது சொல்லித் தர்றதில்லையாடி?"

"அது கடைசி வருஷம் அக்கா. நான் லீவு போட்டுட்டேன்."

"கைய ஒடம்போட ஒட்டி வெச்சுக்க. கோழி மாதிரி றெக்கைய விரிக்காத."

வாசலில் வாளியை வைத்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. அளவு நாடாவை வாளிக்குள் விட்டுப் பார்த்தாள். இரண்டு வாளியும் சேர்த்து ஊற்றில் இருபது லிட்டர். வீட்டில் பதின்மூன்று.

"மீதி ஏழு எங்க போச்சு?"

"மூணு பாதையில," என்றாள் மவ்லுதா. "நாலு உன் பூட்ஸ்ல."

சவ்சன் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். தண்ணீர் ஊற்றியது. அப்படியே மல்லாந்து விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஈரக் காலுறையோடு புதுப் படிவத்தை நிரப்பினாள். பழைய படிவத்தை அவள் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பின் போட்டாள். புதியதன் அடியில் அவள் எழுதியதை நான் தலைகீழாகவே படித்தேன்: "முதல் வருகையில் நான் எண்ணிய பாத்திரங்கள் அனைத்தும் எனக்காக நிரப்பப்பட்டவை. அவற்றை நிரப்ப ஊர் நடந்த நேரத்தை நான் கேட்கவில்லை. இம்முறை நானே நடந்தேன். தொண்ணூறு நிமிடம்."

"என்னால அம்பத்திரெண்டுல முடியும்," என்றேன்.

"அண்ணே, இதுல எழுதறது ஊரோட கஷ்டம். உங்க தெறமை இல்ல."

ஜூன் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை நான் படித்து முடிக்க ஊர் விடவில்லை. "இவ்வருடப் பட்டியலில் இரண்டாவதாக" என்ற இடத்திலேயே கதம்ஷோ என்னைத் தூக்கிவிட்டான். மீதியைத் தோள் மேலிருந்து படித்தேன். மலைக்கு மேலே இருக்கும் பெரிய ஊற்றிலிருந்து மூவாயிரத்து இருநூறு மீட்டர் குழாய், நான்கு தெருக் குழாய்கள். பள்ளம் தோண்டுவது ஊரின் பங்கு, ஆழம் ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர். உறைபனி அதற்குக் கீழே இறங்காது. தண்ணீர்க் குழுவில் பாதிப் பேராவது தண்ணீர் சுமக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி. சுமக்கிறவன் என்ற முறையில் நானும் அதில் சேர்க்கப்பட்டேன். பெண்கள் கணக்கில்.

வேலைப் பட்டியலை நான்தான் எழுதினேன். வீட்டுக்கு ஒரு ஆள், முறை வைத்து. நாற்பத்தொன்றாவது பெயருக்குக் கீழே கோடு போடப் போனேன். தலைவர் என் கையைப் பிடித்தார்.

"இன்னொரு பேரு இருக்கு. சவ்சன். மூணு நாள்."

"அவங்க பொறியாளர், தலைவரே."

"அன்னிக்கு ரொட்டி பிச்சுதுல்ல? வீட்டு ஆளுன்னா வேலைக்கு வரணும்."

எழுதினேன். ஒரு நகல் கோரோக்குக்கும் அனுப்பினேன், வேடிக்கைக்காக. ஆகஸ்ட் மாதம் பொறியாளராக அவள் வரவேண்டிய நாட்களுக்கு மேல், தன் விடுப்பில் மூன்று நாள் மண்வெட்டியோடு வந்து இறங்கினாள்.

மவ்லுதாவின் அணியில் சேர்ந்தாள். மவ்லுதா தோண்டவில்லை, மேட்டில் உட்கார்ந்து அதட்டினாள். இரண்டாம் நாள் மாலை அவர்கள் பங்கு முடிந்து எல்லோரும் மண்வெட்டியை நட்டுச் சாய்ந்தபோது, சவ்சன் பள்ளத்துக்குள் நாடாவை விட்டாள்.

"அக்கா, ஒரு மீட்டர் அஞ்சு சென்டிதான் இருக்கு. பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு திரும்பத் தோண்டணும்."

"அடிப் பாவி, அத நீயும்தானே தோண்டின?"

"ஆமா. அதான் தெரியுது."

"பக்கத்துல கதம்ஷோ தோண்டினது இத விட மேலோட்டம். அத விட்டுட்ட?"

"அதையும் அளந்தாச்சு. அவரும் தோண்டுவாரு."

"எங்க வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சா, எங்களையே வேலை வாங்கறா!" என்று மவ்லுதா ஊருக்குக் கேட்கும்படி கத்தினாள். கத்தியபடியே மேட்டிலிருந்து இறங்கி, நல்ல கையால் மண்வெட்டியை எடுத்தாள். அந்தப் பதினெட்டு மீட்டரை முடித்தபோது வெளிச்சம் போய்விட்டது. ஷக்கர்மோ பாடிக்கொண்டே இருந்தாள், ராகம் இல்லாமல்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கையோடு சவ்சன் திறந்துவிட, தண்ணீர் வந்தது. முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண், பிறகு ஒரு தும்மல், பிறகு வெள்ளி மாதிரி. ஒரு மணி நேரம் யாரும் குழாயை மூட விடவில்லை. ஷக்கர்மோவின் பேரன் பிறந்து பத்து நாள். அவனைக் குளிப்பாட்ட அவள் நான்கு தெருக் குழாயிலிருந்தும் ஒவ்வொரு செம்பு எடுத்துப் போனாள். எது ருசி அதிகம் என்று ஊர் இன்றும் சண்டை போடுகிறது.

பிப்ரவரியில் குளிர் பூஜ்யத்துக்கு இருபத்தாறு டிகிரி கீழே போயிற்று. மூன்று நாள் எல்லோரும் குழாயில் காது வைத்துக் கேட்டோம். நான்கும் ஓடின. மூன்றாம் நாள் காலை மவ்லுதா என்னை மேசைக்கு இழுத்து, காகிதத்தையும் பேனாவையும் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. தேதி போடுங்க. 'சவ்சன். கொழாய் ஓடுது. நீ போய் நாலு மாசமாச்சு. வீட்டுப் பொண்ணு இப்படித்தான் இருப்பாளா? வசந்தத்துல மரம் மொட்டு விடறதுக்கு முன்னாடி வந்துடு. வந்தா தேநீர் நீயேதான் போட்டுக்கணும், நான் எந்திரிக்க மாட்டேன்.' அவ்வளவுதான். நடுவுல உங்க வார்த்தை எதையும் சேக்காதீங்க."

சேர்க்கவில்லை. அவள் சொன்னபடியே எழுதி, உறையில் போட்டு, மதியம் கோரோக் போகும் வண்டியில் கொடுத்தனுப்பினேன்.